ஆளில்லாத இடத்தில் சிக்னல் இல்லை

கொழுந்து நிறுக்கிற நேரத்தில்தான் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் எல்லோருக்கும் போன் வரும். அக்கரப்பத்தனைப் பக்கம் இரண்டு மலைகளுக்கு நடுவே ஒடுங்கிக் கிடக்கிற டிவிஷன் எங்களுடையது. நாங்கள் குடியிருக்கிற லயத்தில் சிக்னல் கிடையாது. கோயிலில் கிடையாது. கொழுந்து நிறுப்பதற்காகக் கட்டிய தகரக் கொட்டகை, அதாவது மடுவம், அங்கே மட்டும் கிடைக்கும். அதுவும் தராசுக்குப் பக்கத்தில் நின்றால்தான். ஆகவே தராசில் கூடை ஏறும்போதே இடுப்பிலிருந்து போன்கள் அலற ஆரம்பிக்கும். யார் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள், யார் தம்பி கொழும்பில் கடை மாறினான், எல்லாம் எல்லோருக்கும் தெரியும்.

நான் அங்கே கொழுந்து பறிக்கிற ஒரு கேங்குக்குக் கங்காணியாக இருந்தேன். ஆண் கங்காணிகளுக்கு மீசை இருந்தது, எனக்கு வாய் இருந்தது. மலையில் தூரத்துக்குக் கேட்பது வாய்தான். இப்போது வேலையை விட்டுவிட்டேன். புதிதாகக் கங்காணி வேலைக்கு வருகிற பெண்களுக்காக அனுபவத்தை எழுதச் சொன்னால் மற்றவர்கள் மழையையும் அட்டையையும் எழுதுவார்கள். எனக்கு முதலில் நினைவுக்கு வருவது போன் கள்ளர்கள்தான்.

கார் விழுந்த கதை

என் கேங்கில் முதலில் மாட்டியவள் பார்வதி. மாட்டியவள் என்று சொல்வதும் தப்பு, மாட்டியவன் அந்தப் பக்கம் பேசியவன்தான். அவளுடைய நம்பருக்குக் கார் பரிசு விழுந்திருக்கிறதாம், பதிவுக் கட்டணம் மட்டும் அனுப்ப வேண்டுமாம்.

"காரா? எங்க ரோட்டுல ஆட்டோவே பாதி தூரம் வந்துட்டு திரும்பிப் போகுது. கார வச்சு நான் என்னங்க செய்ய? அதுக்குப் பதிலா ஒரு பசு மாடு குடுங்க. கன்னுக்குட்டியோட குடுங்க" என்றாள் பார்வதி.

அவன் காரின் பெருமையைச் சொல்லிப் பார்த்தான். இவள் மாட்டை விடவில்லை. எத்தனை லீட்டர் கறக்கும் என்று கேட்டதும் அவனே போனை வைத்துவிட்டான். மடுவமே சிரித்தது.

அந்தச் சிரிப்புதான் பிறகு எங்களை ஏமாற்றப் பார்த்தது. கள்ளன் என்றால் பரிசோடுதான் வருவான் என்று நினைத்துக்கொண்டோம். அடுத்தவன் மிரட்டலோடு வந்தான்.

கமலாவின் நடை

கமலா என் கேங்கில் நல்ல கைகாரி. புருசன் இறந்த பிறகு, ஒரு மகளோடு லயத்தில் ஒற்றை அறைக் காம்பராவில் இருந்தாள். மழை வந்தால் கூரை ஒழுகி, அடுப்பு ஓரமாகத்தான் இருவரும் படுப்பார்கள். ஒருவழியாக அவளுக்கு வீடு கட்ட ஏழு பேர்ச் காணி கிடைத்தது. இரண்டு மாடுகளையும் விற்று, சீட்டுக் காசையும் சேர்த்து டவுன் பேங்கில் போட்டு வைத்திருந்தாள். அத்திவாரமும் சுவரும் அந்தக் காசில்தான் எழும்ப வேண்டும். அவளிடம் அதைத் தவிர வேறு ஒன்றும் கிடையாது.

ஒரு நாள் மத்தியானக் கொழுந்து நிறுக்கும்போது அவளுக்கு ஒரு கோல் வந்தது. கேட்டவள் முகம் செத்துப் போயிற்று. கூடையை அப்படியே வைத்துவிட்டு, போனைக் காதில் அழுத்திக்கொண்டு தேயிலைக்குள் ஏறி நடந்தாள். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தாள். மறுபடி போன் அடித்தது, மறுபடி ஏறினாள். மறுபடி இறங்கினாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னடி இது, மலைக்கும் மடுவத்துக்கும் நடந்துகிட்டே இருக்க? ஒன் கூடைய யாரு தூக்குறது, தோட்டத்து துரையா?"

அவள் அழுகிற குரலில் போனுக்குத்தான் சொன்னாள்.

"சேர், நீங்கதான ஆளில்லாத எடத்துக்குப் போகச் சொன்னீங்க? ஆளில்லாத எடத்துல சிக்னல் இல்லீங்க. சிக்னல் இருக்க எடத்துல ஆளுங்க இருக்காங்க. நான் எங்கதாங்க நிக்கிறது?"

கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்த கை நின்றது. எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். போனில் வந்திருந்த மெசேஜைப் பார்க்கப் போய் அவள் எதையோ அழுத்த, அவன் குரல் ஸ்பீக்கரில் கொட்டகை முழுக்கக் கேட்டது. புத்தகத்தில் எழுதி வைத்து வாசிப்பது போன்ற தமிழ்.

"அம்மா, உங்கள் அடையாள அட்டையில் வேறொருவர் கள்ளக் கணக்குத் திறந்திருக்கிறார். உங்களுக்கு வந்த ஆறு இலக்கத்தை உடனே சொல்லுங்கள். இல்லாவிட்டால் பத்து நிமிடத்தில் பொலிஸ் அங்கே வரும். யாரிடமும் சொல்லக்கூடாது."

"ஏழு... மூணு..." என்று கமலா வாசிக்க ஆரம்பித்தாள்.

நான் போனைப் பிடுங்கினேன்.

"பத்து நிமிசத்துலயா?" என்று பார்வதி கேட்டாள். "டவுன் பஸ்ஸே முக்கி முக்கி ஏறுது. பொலிசு பறந்தா வரும்?"

"தம்பி, எந்த பேங்க்ல இருந்து பேசுறீங்க?" என்றேன் நான்.

"வங்கி."

"எந்த வங்கி?"

"தலைமை வங்கி."

"சரிங்க. கமலா எந்தக் கிளையில கணக்கு வச்சிருக்கான்னு சொல்லுங்க."

"அது இரகசியம், அம்மா."

அவளுடைய இரகசியத்தை அவளிடமே மறைக்கிறவனை அன்றைக்குத்தான் பார்த்தேன். பார்வதி எட்டிக் கேட்டாள்: "தம்பிக்குக் கல்யாணம் ஆச்சா?"

"இல்லை" என்று சொல்லிவிட்டான் பாவி. அப்புறம்தான் அவனுக்கே உறைத்திருக்க வேண்டும், கோலை வெட்டிவிட்டான்.

எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். கமலா மட்டும் இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கால் முகத்தை மூடிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என் காசு போச்சு. யாராவது கேட்டா கணக்க மூடிருவேன்னு சொன்னாரு. நீங்க எல்லாரும் கேட்டுட்டீங்க. இனி நானும் புள்ளையும் அந்தக் காம்பராவுலதான் சாகணும்."

அவளுக்கு அப்போது கள்ளன் அவன் இல்லை, நாங்கள்தான். கணக்கு நம்பரையும் அடையாள அட்டை நம்பரையும் ஏற்கெனவே கொடுத்துவிட்டதாகச் சொன்னாள். அதைக் கேட்டதும் டவுனுக்குப் போக லீவு கேட்டுக் கணக்கப்பிள்ளை ஐயாவிடம் ஓடினேன்.

"துரைகிட்ட நான் சொல்லிக்கிறேன், நீங்க பேங்குக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார்.

பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தாள். பேங்கில் இருந்த சிங்களப் பிள்ளை கம்பியூட்டரில் தட்டிப் பார்த்துவிட்டு, "சல்லி தியெனவா அம்மே" என்று சொல்லித் திரையை எங்கள் பக்கம் திருப்பினாள். காசு அப்படியே இருந்தது. கமலா மேசையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கும் அடக்க முடியவில்லை. இரண்டு பேரும் அழுவதைப் பார்த்து அந்தப் பிள்ளை தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அந்தக் கணக்கு நம்பரை யாரும் பயன்படுத்த முடியாதபடி ஏதோ மாற்றியும் கொடுத்தாள். எந்த பேங்க்காரனும் அந்த ஆறு இலக்கத்தைப் போனில் கேட்கமாட்டான், கேட்டால் வெட்டிவிட்டு, பாஸ் புத்தகத்தில் இருக்கிற நம்பருக்கு நீங்களே எடுங்கள் என்று சொல்லி அனுப்பினாள்.

டவர் வந்த பிறகு

பிறகு எதிர் மலையில் டவர் போட்டார்கள். லயத்தில் சிக்னல், கோயிலில் சிக்னல், கக்கூசில்கூடச் சிக்னல். ஊரே கொண்டாடியது. நான் ஒருத்திதான் முகத்தைச் சுளித்தேன். இனி ஒவ்வொருவரும் தனியாக உட்கார்ந்து ஏமாறலாம் அல்லவா?

ஆகவே நான் காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் தினமும் கத்தினேன், உங்களுக்கும் சொல்கிறேன். பரிசு கொடுப்பவனும் பயமுறுத்துபவனும் ஒரே கூட்டம். இரண்டு பேரும் அவசரப்படுத்துவார்கள். இரண்டு பேரும் யாரிடமும் சொல்லாதே என்பார்கள். அதைக் கேட்ட உடனே பக்கத்தில் இருப்பவளைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள். உங்கள் கேங்கில் ஒருத்தி போனோடு தனியாக ஒதுங்கினால், என்னைப் போல் கூடையைப் பற்றிக் கத்தாமல், முதலில் யார் பேசுகிறது என்று கேளுங்கள்.

போன மாதம் கமலாவைப் பார்க்கப் போயிருந்தேன். பேசிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. எடுத்தவள் ஸ்பீக்கரில் போட்டாள், அதே புத்தகத் தமிழ்.

"நீங்கள் இப்போது தனியாக இருக்கிறீர்களா, அம்மா?"

"கொஞ்சம் இருங்க சேர்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, கதவைத் திறந்து வாசலில் நின்று கூவினாள். "பார்வதியக்கா! சின்னம்மா! எல்லாரும் ஓடி வாங்க, பேங்க்ல இருந்து பேசுறாங்க!"

சனம் வந்து சேர்வதற்குள் அவன் வைத்துவிட்டான். வந்தவர்களைச் சும்மா அனுப்ப முடியுமா? கமலா தேத்தண்ணிக்குப் பெரிய கேத்தலை அடுப்பில் வைத்தாள். பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தோம். புது வீடு, எல்லோருக்கும் உட்கார இடம் இருந்தது.