ஒரு பெட்டிக்குள் ஆறு கம்ப்யூட்டர்

உடம்பில்லாத கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வதுதான் என் தொழில் என்று சொன்னால் மாத்தளையில் எவரும் பெண் கொடுக்கமாட்டார்கள். அதனால் "கம்ப்யூட்டர் ரிப்பேர்" என்று சுருக்கிச் சொல்லிவிடுவேன். சர்வர் அறையில் குப்பை கொட்டியவர்களே, உங்களுக்கும் இப்படி ஒரு பொய் கைவசம் இருக்கும். தோட்டத்துச் சனங்களுக்குப் பிறப்புப் பதிவு, அடையாள அட்டை எடுத்துக்கொடுக்கும் ஒரு சின்ன நிலையத்தில், இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு நான் பட்ட பாடுகள் இவை.

மூணாம் நம்பரின் இருமல்

எங்களிடம் ஆறு பழைய கம்ப்யூட்டர்கள் சர்வர் என்ற பெயரில் ஓடிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர், ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை. தோட்டம் தோட்டமாகப் போய்ச் சேர்த்த ஆதாரங்கள் எல்லாம் மூணாம் நம்பரில் கிடந்தன. அவற்றைத் தேடி எடுத்துத் தரும் புரோகிராமை எழுதியவர் கனடாவுக்குப் போய்விட்டார். அது பழைய விண்டோஸில் மட்டும்தான் ஓடும். வேறெதில் போட்டாலும் முறைத்துக்கொண்டு நிற்கும். மழை தொடங்கிய மாதத்தில் அதன் டிஸ்க் கரக் கரக் என்று இரும ஆரம்பித்தது.

நாவுல ஊரிலிருந்து வரும் பஸ்ஸில் செல்லம்மா அக்கா வந்து இறங்கியதும் அந்த வாரத்தில்தான். மிளகுத் தோட்டத்தில் வேலை. மகள் யோகாவுக்கு நர்ஸ் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. பரீட்சைகளை எல்லாம் பள்ளிக்கூட அதிபரின் கடிதத்தைக் காட்டியே எழுதி முடித்தவள் அவள். பயிற்சியில் சேர மட்டும் அடையாள அட்டை கட்டாயம், இல்லாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். பிறப்பையோ பதியவே இல்லை. வேலைக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தையை விட்டுப்போகிற பிள்ளைக் காம்பராவின் கொப்பியில் இருந்த ஒரு வரிதான் ஒரே ஆதாரம். கொப்பியைக் கறையான் தின்றுவிட்டது. அதற்கு முன்னால் எங்கள் ஆள் அதைப் பார்த்து அடித்துவைத்த நகல் மூணாம் நம்பருக்குள் இருந்தது. அந்த இருமலைக் கேட்டுவிட்டு அக்கா மெதுவாகக் கேட்டார்:

"இது செத்துப் போச்சுன்னா எம் மக பொறக்கவே இல்லைன்னு ஆயிருமா தம்பி?"

ஒண்டுக்குள்ள ஆறு

எங்கள் பொறுப்பாளர் சிவபாதம் சேர் யாழ்ப்பாணத்துக்காரர். புதிதாக ஒரு பெரிய மெஷின் வாங்கித் தாருங்கள், ஆறையும் அதற்குள் ஏற்றிவிடுகிறேன் என்று கேட்டேன். பெட்டிகளை ஏற்றுவதில்லை, அவற்றின் உள்ளடக்கத்தை அப்படியே நகலெடுத்து ஏற்றுவது. புது மெஷினின் நினைவகத்தையும் டிஸ்கையும் ஒரு மென்பொருள் பங்குபோட்டுக் கொடுக்கும். பங்கு வாங்கிய ஒவ்வொன்றும், தானே ஒரு முழுக் கம்ப்யூட்டர் என்று நினைத்துக்கொண்டு ஓடும்.

சேர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த ஒன்று விழுந்தால் ஆறும் சேர்ந்து விழாதோ என்று கேட்டார். இந்தக் கேள்விக்குப் பயந்துதானே நாமெல்லாம் இரவில் புரள்கிறோம். தினமும் சாயந்தரம் ஆறுக்கும் பிரதி எடுத்து வேறொரு டிஸ்கில் போட்டு, அந்த டிஸ்கை உங்கள் கைப்பையிலேயே தந்துவிடுகிறேன் என்றேன். கைப்பையை ஒரு தரம் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"மூண்டாம் நம்பரை முதல் ஏத்துங்கோ தம்பி, மற்றதுகள் ஆறுதலா வரட்டும்."

நாலு கெஸ்ட்

உள்ளே ஓடுகிற கம்ப்யூட்டர்களுக்கு எங்கள் பாஷையில் கெஸ்ட் என்று பெயர். கொழும்பில் இருந்த நண்பனிடம் போனில், "இன்னைக்கு நாலு கெஸ்ட் வருது, முதல் ஆளு பத்து மணிக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். தேத்தண்ணி போடும் பண்டா அண்ணன் காதில் அது விழுந்துவிட்டது. அவர் சிங்களவர், தமிழ் நம்மைப் போலவே பேசுவார். பத்து மணிக்கு நாலு கோப்பை தேத்தண்ணி, மீன் வைத்த மாலு பாண் நாலு, நடுவில் ஒரு பூச்சாடி.

கெஸ்ட் எல்லாம் இந்தப் பெட்டிக்குள்ளேதான் இருக்கிறார்கள் என்று விளக்கினேன். அண்ணன் சிரிக்கவில்லை. பெட்டியின் பின்பக்கம் போய், வெளியே வருகிற காற்றில் கையை வைத்துப் பார்த்தார்.

"உள்ளுக்கு இவ்வளவு சூடு, அவங்களுக்குத் தேத்தண்ணி இல்ல மாத்தயா, ஃபேன்தான் வேணும்."

மறுநாளே சேரின் அறையிலிருந்த மேசை ஃபேனைத் தூக்கிவந்து சர்வருக்கு எதிரில் வைத்தார். சேர் கேட்டதற்கு அவர் சொன்ன பதில் இது: "கெஸ்ட்டுக்கு முதல்ல, வீட்டுக்காரங்களுக்குப் பொறகு."

பீலி

சேர் சொன்னபடி முதலில் தொடங்கியும் மூணாம் நம்பரின் டிஸ்க் இரண்டு தரம் நின்று, அந்த நாலும் ஏறிய பிறகு, மூன்றாம் தரம்தான் கடைசிவரை நகலாகியது. நகலெடுத்து முடித்த கையோடு பழைய பெட்டி ஒரேயடியாகக் கண்ணை மூடியது. இனி அந்த நகல்தான் எல்லாம். செல்லம்மா அக்காவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதைப் புது மெஷினில் ஓடவிட்டேன். திரையில் ஒரு எழுத்து வரும், அடுத்த எழுத்துக்குக் காத்திருக்க வேண்டும். எனக்கு வியர்த்துவிட்டது.

பேச்சுக்கொடுக்கவாவது விளக்குவோம் என்று, இது நம் லயம் மாதிரிதான் அக்கா என்றேன். ஒரே கூரை, நடுவில் செவர், ஆளுக்கொரு காம்பரா. ஒரு காம்பராவில் நடப்பது அடுத்த காம்பராவுக்குத் தெரியாது. தெரியாதென்று யார் சொன்னது என்று அக்கா குறுக்கிட்டார். லயத்துக்கு ஒரே தண்ணிப் பீலிதான், யாரோ வாளியை வைத்துவிட்டு எடுக்காமல் இருக்கிறாளா என்று முதலில் பாருங்கள் என்றார். பார்த்தேன். கடிதம் அடிக்கிற அஞ்சாம் நம்பருக்கு, யோசிக்காமல், நினைவகத்தில் பாதிக்கு மேல் நானே தாரைவார்த்திருந்தேன். அதைக் குறைத்துவிட்டு மறுபடி கிளப்பியதும் மூணாம் நம்பர் மளமளவென்று எழுந்தது. அக்காவுக்கு அது ஆச்சரியமாகவே இல்லை.

"லயத்துல சண்டை வர்றது செவுத்தால இல்ல தம்பி, பீலியாலதான்."

எட்டு மணிப் போட்டோ

எழுந்தது சரி, தமிழ் வரவில்லை. யோகாவின் வரி இருக்க வேண்டிய இடத்தில் கட்டம் கட்டமாகக் கிடந்தது. பழைய எழுத்துருவை எங்கோ தவறவிட்டிருக்கிறேன். இந்த மாதிரி நேரத்தில், கை வைப்பதற்கு முன் மெஷினின் அப்போதைய நிலையை அப்படியே பிடித்துவைக்கலாம். ஸ்னாப்ஷாட் என்பார்கள். எதையாவது கெடுத்துவிட்டால் அந்த நிலைக்கே திரும்பிவிடலாம். மறுநாள் காலை எட்டு மணிக்கு ஒன்று எடுத்துக்கொண்டு, இருந்த எழுத்துரு ஒன்றைப் போட்டேன். தமிழ் மாதிரி ஏதோ வந்தது. அந்தத் தெம்பில், காலையில் வந்த ஒன்பது பேரின் விவரங்களையும் அதிலேயே அடித்துவைத்தேன். பகலில் மெஷின் உறைந்து நின்றது. எட்டு மணி நிலைக்கே திருப்பினேன். மெஷின் பிழைத்தது, ஒன்பது பேரும் காணாமல் போனார்கள். நீங்களும் ஒரு தரமாவது இப்படித் தலையில் கை வைத்திருப்பீர்கள்.

பழைய சீடி ஒன்றில் சரியான எழுத்துரு அகப்பட்டது. போட்டதும் கட்டங்கள் கரைந்து, "யோகேஸ்வரி, தாய் செல்லம்மா, வயது மூன்று மாதம்" என்று வரி தெளிவாக நின்றது. எனக்குக் கண் கலங்கியது, சொல்ல வெட்கமில்லை. அன்றும் வந்து காத்திருந்த அக்கா அந்த வரியை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, ஒன்பது பேரை ஏன் திரும்ப அடிக்கிறேன் என்று கேட்டார். போட்டோ எடுத்த நேரத்துக்குத் திரும்பினால் அதற்குப் பிறகு வந்ததெல்லாம் போய்விடும் என்றேன். எண்பத்துமூன்று கலவரத்தில் அவருடைய காம்பரா எரிந்தது. கல்யாணப் படம், கடுதாசிகள், அவருடைய பிறப்புப் பத்திரம் எல்லாம் அதோடு போயின. அப்படி ஒரு போட்டோ தன்னிடம் இருந்திருந்தால் அதற்கு முந்தின நாளுக்கே திரும்பியிருப்பேன் என்றார். திரையிலிருந்த மகளின் பெயரைப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார்.

"வேணாம் தம்பி, யோகா அதுக்குப் பின்னாடி பொறந்தவ."

ஒட்டு நம்பர்

வருடக் கடைசியில், சாமான்களைச் சரிபார்க்கக் கொழும்பிலிருந்து ஓர் உத்தியோகத்தர் வந்தார். பழைய பெட்டிகளைக் கழித்தாயிற்று; புத்தகத்தில் இன்னும் ஆறு சர்வர், மேசையில் ஒன்று. மிச்சம் எங்கே என்றார். உள்ளே என்றேன். திரையில் ஆறும் தனித்தனியாக ஓடுவதைக் காட்டினேன். அதில் ஒன்றைத் தொட்டுக் காட்டச் சொன்னார். அது எப்படி முடியும்?

அன்றைக்கென்று பார்த்து யோகாவும் அம்மாவும் வந்திருந்தார்கள். பயிற்சிக்குப் போக ஒரு வாரம்தான் இருந்தது. அந்த ஒரு வரியைக் காட்டி எடுத்த அடையாள அட்டையைப் பண்டா அண்ணன் வாங்கி, முன்னும் பின்னும் பார்த்து, சட்டையில் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். உத்தியோகத்தரும் அதை எட்டிப் பார்த்தார். கடைசியில், சாமான்களில் ஒட்டக் கொண்டுவந்த ஆறு நம்பர் ஸ்டிக்கரையும் எடுத்து ஒரே பெட்டியில் வரிசையாக ஒட்டிவிட்டு, தனக்குத் தெரிந்த தமிழில் எனக்குத் தைரியம் சொன்னார்:

"ஆளைக் காட்ட ஏலாட்டிப் பரவாயில்ல, நம்பர் இருக்குத்தானே, அது போதும்."

உடம்பே இல்லாத ஆறு பேருக்கு நம்பர் ஒட்ட அரை மணி நேரம் போனது, உடம்போடு எதிரில் நின்ற யோகாவுக்கு ஒரு நம்பர் வாங்க எட்டு மாதம் போனது.