மூணுல போடுங்க

ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர். பயிற்சி தருபவரின் இருக்கைக்கு முன்னால் தனியாக ஒரு பிரேக் உண்டு. பத்தொன்பது வருடமாக அதை மிதித்து மிதித்து, பேருந்தில் போனாலும் கால் தானாகத் தரையை அழுத்தும். எல்லோருக்கும் அவர் ‘பிரேக்கக்கா’. மூத்தவர்களுக்கும் அக்காதான்.

ஒரு செவ்வாய்க்கிழமை தபாலில் பில் வந்தது. பயிற்சிக் காருக்கு அவர் எடுத்த மூன்று வருட இன்சூரன்ஸுக்குப் பதினைந்து நாளில் பணம் கட்ட வேண்டுமாம். அந்தக் காருக்கு வேறொரு கம்பெனியில் ஏற்கனவே இன்சூரன்ஸ் இருந்தது.

"எங்கயாவது கையெழுத்துப் போட்டியா?" என்றார் கணவர். சாவி செய்கிற கடைக்காரர்.

"நான் எங்க போட்டேன்?"

"அப்ப கிழிச்சுப் போடு."

கிழித்துப் போடுகிற சுபாவம் பிரேக்கக்காவுக்குக் கிடையாது. மறுநாளே அந்தக் கம்பெனியின் அலுவலகத்துக்குப் போய் நின்றார்.

"போன்ல சம்மதம் குடுத்திருக்கீங்க மேடம், ரெக்கார்டிங் இருக்கு" என்று அதிகாரி பொத்தானை அழுத்தினார்.

"பாலிசி எடுத்துக்கலாமா மேடம்?" என்றது ஓர் ஆண் குரல்.

"எடுங்க, எடுங்க. பயப்படாம எடுங்க."

"ஒரு வருஷத்துக்கா, மூணு வருஷத்துக்கா?"

"மூணுல போடுங்க."

அதிகாரி நிறுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். குரல் சந்தேகமில்லாமல் அக்காவுடையது. அவருக்கே ஒரு கணம், எடுத்துத்தான் தொலைத்தோமோ என்று இருந்தது. பிறகு பொறி தட்டியது. அவரிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்த தையல்காரம்மா முதன்முதலாக மெயின் ரோட்டில் ஓட்டிய நாள் அது. நடுவில் போன் அடித்தது. புதிதாகக் கற்க வருகிறவர்கள் கூப்பிடுவார்களே என்று போனை ஸ்பீக்கரில் போட்டு, "ஒரு நிமிஷம்" என்றார். எதிரே லாரி வந்ததில் போனை மறந்தே போனார்.

"மீதியப் போடுங்க."

"சம்மதம் வரைக்கும்தான் மேடம் இங்க இருக்கும். முழுசும் வேணும்னா தலைமை அலுவலகத்துக்கு எழுதிக் குடுக்கணும்."

அங்கேயே பேனா இரவல் வாங்கி, நின்றபடியே எழுதிக் கொடுத்தார்.

மூன்று வாரம் ஆனது. அதற்குள் ‘அன்பான வாடிக்கையாளரே’ என்று இரண்டு நினைவூட்டல்கள் வந்தன. ஒருவழியாக அலுவலகத்திலிருந்து கூப்பிட்டபோது அக்கா தையல்காரம்மாவையும் கையோடு அழைத்துப் போனார். ரெக்கார்டிங் ஏழு நிமிடம் ஓடியது.

"கிளட்ச விட்டுறாதீங்க."

"விடல, விடல. நாலு போடவா அக்கா?"

"மூணுலயே இருக்கட்டும். லாரிக்காரன் போகட்டும், அவனுக்குத்தான் அவசரம்."

"முகவரி அதேதானே மேடம்?"

"இடது பக்கம் ஒடிங்க. ஒடிங்க! ஐயோ!"

டமால் என்று ஒரு சத்தம்.

"ரொம்ப நன்றி மேடம். இந்த நாள் இனிய நாளா அமையட்டும்."

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். "அது என்ன சத்தம்?"

"குப்பைத்தொட்டி. லேசாத்தான்" என்றார் தையல்காரம்மா.

"அதுக்கு க்ளெய்ம் ஏதும்..." என்று பழக்கதோஷத்தில் ஆரம்பித்தவர், வாயை மூடிக்கொண்டார்.

அடுத்த வாரம் கடிதம் வந்தது: ‘தங்கள் கோரிக்கையின்படி பாலிசி ரத்து செய்யப்படுகிறது.’

"தொல்லை விட்டுது" என்றார் கணவர். அக்கா இரண்டு தரம் படித்துவிட்டுச் செருப்பை மாட்டினார்.

"நான் எடுக்கவே எடுக்கல. எடுக்காதத எப்படிங்க ரத்து பண்ணச் சொல்லுவேன்?"

அதிகாரி பெருமூச்சு விட்டார். "அது கம்ப்யூட்டர்ல இருக்கிற வாசகம் மேடம். மாத்த வராது."

"அப்ப கையால எழுதுங்க."

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். சாப்பாட்டு நேரத்துக்கு இன்னும் அரைமணி இருந்தது. அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். வேறு வழியில்லாமல் அதிகாரி ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, ‘எங்கள் தவரால் வழங்கப்பட்ட பாலிசி இது’ என்று எழுதிக் கையெழுத்திட்டு, முத்திரையும் குத்தி நீட்டினார்.

அக்கா அதை எழுத்தெழுத்தாகப் படித்தார்.

"தவறுக்கு இந்த ர இல்லீங்க. பெரிய ற."

அதிகாரி அடித்துத் திருத்தி, திருத்திய இடத்தில் இன்னொரு கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.