பூஜையில் இருந்த சர்டிபிகேட்

போன ஆயுத பூஜைக்கு என் மகள் தன் லேப்டாப்பைச் சாமிக்கு முன்னால் வைத்தாள். சந்தனம், குங்குமம், மேலே ஒரு சாமந்தி என்று அலங்காரமெல்லாம் நான்தான். கற்பூரம் அணைந்த கையோடு அலுவலகத்திலிருந்து அவளுக்கு போன் வந்தது. "கோச்சுக்காதப்பா, அவசரம்" என்று சொல்லிக்கொண்டே பூவை ஓரமாக வைத்தாள், பொட்டைக் கட்டைவிரலால் துடைத்தாள், லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள். நான் அந்தச் சாமந்தியை எடுத்துத் திரும்பச் சாமிக்கு முன்னால் வைத்தேன். எதிரே தட்டில் பொரிகடலை இருந்தது.

பொரிகடலை வாசனை வந்தாலே எனக்கு அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் ஞாபகம்தான். டிப்ளமோ முடித்ததும் அங்கே ஒரு பிரஸ் ஷாப்பில், அதாவது தகட்டை அழுத்தி வண்டி பாகங்கள் செய்கிற பட்டறையில், சூபர்வைசராகச் சேர்ந்தேன். பெயர்தான் சூபர்வைசர். ஆள் வராத நாளில் மிஷின் ஓட்டுவதும் நானேதான். சேர்ந்த அன்றே முதலாளி என் ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளை வாங்கி இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டினார். சின்னக் கம்பெனிகள் பலவற்றில் அப்போது அது வழக்கம். "எங்கிட்ட இருந்தா பேங்க் லாக்கர்ல இருக்கிற மாதிரி" என்றார். லாக்கர் என்றால் ஒரு சாவி நம்மிடமும் இருக்க வேண்டுமே என்று எனக்குத் தோன்றவில்லை. அவ்வளவு சாமர்த்தியம்.

பிறகு ஆவடியில் அப்பா வேலை பார்த்த பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் நான் வேலைக்குத் தேர்வானேன். எங்கள் வீட்டுக்கு அது வெறும் வேலை இல்லை. அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். அவருக்குக் கொடுத்த குவார்ட்டர்ஸில்தான் நான் பிறந்து வளர்ந்தேன். அவர் ஓய்வு பெறச் சில மாதங்களே இருந்தன. எனக்கு வேலை கிடைத்தால் அந்த வீட்டை என் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று அம்மா நம்பிக்கொண்டிருந்தாள். ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளோடு ஒரு திங்கட்கிழமை பத்து மணிக்குள் வந்துவிட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள்.

ராஜினாமா கொடுத்ததும் முதலாளியின் முகம் சுண்டிப்போனது. "மூணு வருஷம் இருப்பேன்னு சொன்ன வாய்தானே இது?" என்றார். அதற்கப்புறம் தினம் ஒரு சாக்கு. முதலாளி இருந்தால் சாவி வீட்டில் இருக்கும். சாவி வந்த அன்று முதலாளி இருக்கமாட்டார். வாட்ச்மேனும் நானும் ஒருவருக்கொருவர் டீ வாங்கிக் கொடுக்கும் அளவுக்கு நெருங்கிவிட்டோம். கடைசியில் வழி சொன்னவன் செல்வம். என்னோடு வேலை பார்த்த பிரஸ் ஆபரேட்டர், ஆவடிக்குப் பக்கத்துச் சேக்காட்டுக்காரன்.

"இன்னா மச்சான், கேட்டாண்டயே நின்னுகினு கீற? வெள்ளிக்கெயம பூஜைக்கு வா. அன்னிக்கி எவனையும் தொரத்த மாட்டாரு" என்றான்.

உண்மைதான். எஸ்டேட்டில் அந்த ஒரு நாள், வேலையை விட்டுப் போனவனும் பெண்டாட்டி பிள்ளையோடு வந்து பொரி வாங்கிக்கொண்டு போவான். அந்த வருடம் பண்டிகை சனி, ஞாயிறில் வந்ததால் வெள்ளிக்கிழமை சாயங்காலமே கம்பெனியில் பூஜை. மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்த மிஷின்களுக்கு மாவிலை, வாழைக்கன்று. முதலாளி சிரித்த முகமாக வரவேற்றார். சாமி படத்துக்கு முன்னால் ஸ்பானர்கள், அளவுக் கருவிகள், பக்கத்தில் பீரோவிலிருந்து எடுத்து அடுக்கிய ஃபைல்கள். மேலாகவே என்னுடைய நீல ஃபைல் இருந்தது.

செல்வம் என் காதருகே குனிந்தான். "கைக்கெட்ற தூரத்துல கீது. எட்து சட்டைக்குள்ள சொருவிக்கினு போய்க்கினே இரு. நான் பாத்துக்கறேன்."

என் கை போகவில்லை. எங்கள் வீட்டில், பூஜைக்கு வைத்த சைக்கிளை மறுநாள் வரை அப்பா தொடமாட்டார். பால் வாங்கக்கூட நடந்துதான் போவார். சின்ன வயதில் ஒரு தடவை அதன் மணியை அடித்துவிட்டு அவரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதனால் முதலாளியிடமே கேட்டேன். அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"குடுத்துடறேம்பா. ஆனா பூஜையில வெச்சதை நகத்தலாமா? திங்கக்கிழமை தெறந்ததும் முதல்ல உன்னோடதைத்தான் எடுப்பேன்."

அத்தனை நாள் சொன்னதெல்லாம் சாக்கு. இதை மட்டும் அவர் மனதார நம்பிச் சொன்னார். காலையில் வாங்கிக்கொண்டு பத்துக்குள் ஆவடி போய்விடலாம் என்று கணக்குப் போட்டேன். எனக்கும் அது நியாயமாகப் பட்டது, அதுதான் என் கெட்ட நேரம். வீட்டுக்கு வந்து சொன்னபோது அப்பாவுக்கும் திருப்தி. "தொடாம வந்தியே, அது போதும்ல" என்றார்.

திங்கட்கிழமை விடிந்ததும் போய் நின்றேன். முதலாளி வந்தார், காலண்டரைப் பார்த்தார். ஒன்பது மணி வரை ராகுகாலம். பிறகு மறுபடி கற்பூரம், மறுபடி தேங்காய். சொன்ன சொல் தவறாமல் என் ஃபைலைத்தான் முதலில் எடுத்தார். கூடவே ஒரு மூடித் தேங்காயும் வாழைப்பழமும் கொடுத்து "நல்லா இருப்பா" என்று வாழ்த்தினார். பஸ் பிடித்து, ஆவடியில் இறங்கி ஓடினேன். பத்து மணி தாண்டிவிட்டது. கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். கெஞ்சிப் பார்த்தேன். கையில் தேங்காயோடு ஒருவன் கெஞ்சினால் யார் கேட்பார்கள்? அந்த இடம் அடுத்து இருந்தவருக்குப் போய்விட்டது.

அப்பா ஷிஃப்ட் முடிந்து வந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"வெள்ளிக்கிழமை கைக்கெட்டுற தூரத்துலயா இருந்துச்சு?"

"ஆமாப்பா."

மெதுவாகச் சொன்னார். "எடுத்துட்டு வந்திருக்கலாம்லா."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அவர் ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்து வேப்பம்பட்டுக்குப் போனோம். ஷிஃப்டுக்கு ஊதும் தொழிற்சாலைச் சங்கு அங்கே கேட்காது. அப்பா மட்டும் சங்கு ஊதும் நேரத்துக்குத் தானாகவே எழுந்து உட்கார்ந்திருப்பார். எனக்கு வேறு வேலைகள் கிடைத்தன, குறையொன்றும் இல்லை. ஆனாலும் சங்கில்லாமல் எழுந்து உட்கார்ந்திருக்கும் அவரைப் பார்க்கும்போதெல்லாம் அந்த நீல ஃபைல் ஞாபகத்துக்கு வந்துவிடும்.

இப்போது அந்தப் பட்டறை இருந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள். செல்வம் எங்கே இருக்கிறான் என்று தெரியவில்லை. நாங்கள் இருந்த குவார்ட்டர்ஸ் வரிசையில் ஆளில்லை, புதர்தான். என் டிப்ளமோ சர்டிபிகேட்டின் மூலையில் மட்டும் முதலாளி வைத்த சந்தனம் மஞ்சளாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. மகளின் கம்பெனியில் ஒரிஜினலை யாரும் கண்ணால்கூடப் பார்க்கவில்லை, போனில் படமெடுத்து அனுப்பினாள், அவ்வளவுதான்.

குவார்ட்டர்ஸை விட்டு வந்த பிறகு, வேப்பம்பட்டில் எங்களுக்கு அது முதல் ஆயுத பூஜை. அப்பா சைக்கிளைக் கழுவி, பொட்டு வைத்து, ஹேண்டில்பாரில் சாமந்தி மாலை போட்டுக் கற்பூரம் காட்டினார். காட்டி முடித்ததும் ஸ்டாண்டைத் தட்டிவிட்டு ஏறி உட்கார்ந்தார்.

"எங்க போறீய?" என்றாள் அம்மா.

"பால் வாங்கிட்டு வாரேன்."

பால் வீட்டில் இருந்தது. மாலையோடு சைக்கிள் தெருமுனை திரும்பும் வரை அம்மாவும் நானும் பார்த்துக்கொண்டு நின்றோம். பூஜையில் வைத்ததைத் தொடாதே என்று அதற்குப் பிறகு அப்பா யாரிடமும் சொன்னதில்லை.