நாற்பது மனைக்காக ஏரியூரிலிருந்து தருமபுரி வரை

சென்ற ஆண்டு மாசி மாதம் ஏரியூரிலிருந்து தருமபுரி தாலுகா ஆபீசுக்கு ஒரு வீட்டுமனை விசாரணைக்காகப் போய்வந்தேன். போக வர மூன்று நாள் ஆயிற்று. இருபத்தொன்பது மைலுக்கு மூன்று நாளா என்று பட்டணத்து வாசகர்கள் கேட்கலாம். பெட்ரோல் கிடைக்காத இந்த யுத்த காலத்தில், கரியை எரித்து அதன் புகையில் ஓடும் பஸ்ஸில் ஒருமுறை ஏறிப் பார்த்தவர்கள் கேட்கமாட்டார்கள். இதே மாதிரி காரியமாகப் புறப்படுகிறவர்கள் வேறு ஊர்களிலும் இருக்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிட வேண்டும். ஏரியூர் ஆரம்பப் பள்ளியில் உதவி ஆசிரியன். காவிரியில் அணை கட்டி நீர் ஏறியபோது கரையோரத்திலிருந்து மேடேறி வந்த குடும்பங்களில் என் குடும்பமும் ஒன்று. குத்தகைக்கு உழுதவர்கள் நாங்கள். சட்டி பானையோடு வந்தோம். வந்து ஒன்பது வருஷமாகியும் எங்களில் பெரும்பாலோர் பிறர் காட்டு ஓரத்தில்தான் குடிசை போட்டிருந்தோம். விதைப்பு வந்தால் குடிசையைப் பிரித்து எடுத்துக்கொண்டு அடுத்த ஓரத்துக்கு நகர வேண்டும். என் மூன்றாவது குழந்தை பிறந்த இடத்தில் இப்போது துவரை நிற்கிறது.

தை மாதக் கடைசியில் சாவடிச் சுவரில் ஒரு வரைபடம் ஒட்டினார்கள். ஊருக்குக் கிழக்கே இருக்கும் மேய்ச்சல் புறம்போக்கில் நாற்பது வீட்டுமனை. ஒவ்வொன்றும் முப்பது அடி அகலம், அறுபது அடி நீளம். பக்கத்திலேயே ஒரு அறிவிப்பு. ஆட்சேபணை உள்ளவர்கள் இன்ன தேதி காலை பத்து மணிக்குத் தருமபுரி தாலுகா ஆபீசில் நேரில் வந்து சொல்லலாம் என்று எழுதியிருந்தது.

நஞ்சம்மாள் அதை என்னிடம் மூன்று தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். எங்களோடு மேடேறி வந்தவள். கணவன் மேட்டூரில் ஆலை வேலைக்குப் போய் மாதம் ஒருமுறை வருகிறவன். இரண்டு பெண் குழந்தைகளை வைத்துக்கொண்டு கடலைக் காட்டில் கூலி வேலை செய்கிறாள். எழுதப் படிக்கத் தெரியாது.

"வேண்டாங்கறவங்கள மட்டுந்தான் கூப்ட்டு இருக்காங்களா வாத்தியாரே?" என்று கேட்டாள்.

"அப்படித்தான் எழுதியிருக்கிறது."

"வேணுங்கறவங்க?"

அப்படி ஒரு வரி அதில் இல்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தும் இல்லை. "அப்படீன்னா போய்த்தான் சொல்லணும். நீங்களும் வாங்க, பேப்பர்ல என்ன இருக்குதுன்னு எனக்குத் தெரியாது" என்றாள். பள்ளிக்கு மூன்று நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தேன். வரைபடத்தை என் நோட்டில் அடிக்கணக்கோடு பார்த்து வரைந்துகொண்டேன்.

ஏரியூரிலிருந்து பெண்ணாகரம் பத்து மைல். மாட்டு வண்டிதான் வழி. அந்த நேரத்தில் பெண்ணாகரம் போக இருந்தது ஒரே வண்டி, முத்துக் கவுண்டருடையது. அவரும் அதே விசாரணைக்குத்தான் போகிறார், ஆனால் எதிர்க்கிறவராக. அந்தப் புறம்போக்கின் நடுவில்தான் ஊர் மாடுகள் குட்டைக்குத் தண்ணீர் குடிக்கப் போகும் வழி இருக்கிறது. பட்டாதாரர்கள் முப்பது பேர் கூடி அவரைத்தான் பேச அனுப்பியிருந்தார்கள். கேட்கத் தயங்கிக்கொண்டு நின்றோம். அவரே வண்டியை நிறுத்தினார்.

"எனக்கு எதிரா பேசப் போறீங்க, அதுக்கு நடந்தா போவீங்க? ஏறுங்க."

மதியம் பன்னிரண்டுக்குப் புறப்பட்டோம். வெயில் கடுமை, ஆனால் வழியில் புளிய மரங்கள் உண்டு. நான்கு மைல் தாண்டியது. நஞ்சம்மாள்தான் பேச்சை ஆரம்பித்தாள்.

"நாங்க வந்த வருசம் உங்க மாட்டுக் கொட்டாயிலதானுங்க ரெண்டு மாசம் படுத்திருந்தோம். உங்க வூட்டம்மா கூழு ஊத்துனாங்க. அதை நான் மறக்கலீங்க."

"நானும் மறக்கல நஞ்சம்மா. வூடு வேண்டாம்னு நான் சொல்லல. எரநூறு மாடு தண்ணிக்கு எந்தப் பக்கம் போவும், அதச் சொல்லு."

அவள் என் பக்கம் திரும்பினாள். நான் நோட்டைப் புரட்டினேன். சுவரில் ஒட்டிய படத்தில் மாடு போகும் வழி இல்லவே இல்லை. அந்த இடத்தில் வெள்ளைக் காகிதம்தான் இருந்தது. கவுண்டர் பொய் சொல்கிறார் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த எண்ணம் வண்டியிலேயே போய்விட்டது. அது போனதும் பயம் வந்தது. அவர் சொல்வது சரியானால் எங்கள் மனை போய்விடுமே.

மாலை ஐந்தரைக்குப் பெண்ணாகரம். வண்டியைக் கவுண்டர் தன் சம்பந்தி வீட்டில் விட்டார். நாங்கள் சத்திரத்தில் தங்கினோம். பெண்களுக்குப் பின்கட்டில் தனியிடம் உண்டு. பாய் கிடையாது, விரிப்பு கொண்டுபோவது நல்லது.

காலை ஆறரைக்கு முதல் பஸ். தருமபுரிக்குப் பத்தொன்பது மைல், கட்டணம் ஒன்பது அணா. ஒன்றரை மணி நேரம் என்பார்கள், நம்ப வேண்டாம். இண்டூர் தாண்டி ஒரு மேட்டில் பஸ் மூச்சுத் திணறி நின்றது. பின்னால் இருக்கும் கரி உலையைக் கிளறிக்கொண்டே கண்டக்டர், "அல்லாரும் எறங்கி மேட்டுக்கு நடந்துருங்க. கரி புடிக்க முக்கால் மணி ஆவும்" என்றார். அப்போது மணி எட்டு.

மேட்டின் உச்சியில் ஒரு வேப்ப மரம். அதன் கீழே மூன்று பேரும் உட்கார்ந்தோம். பொழுது போகாமல் நான் நோட்டை எடுத்து வரைபடத்தைப் பார்த்தேன். கவுண்டர் எட்டிப் பார்த்துவிட்டு, "எம் மாடு போற வழி எங்கன்னு காட்டு" என்றார். புழுதியில் குச்சியால் பெரிதாக வரைந்து காட்டினேன். வரிசைக்குப் பத்தாக நான்கு வரிசை மனை. அவர் தன் கைத்தடியால் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். கோடு மூன்றாம் வரிசை மேலேயே போயிற்று.

நஞ்சம்மாள் குனிந்து அந்தக் கோட்டைப் பார்த்தாள். "ஒரு மனை எத்தன அடி நீளம்னு சொன்னீங்க?"

"அறுபது."

"அறுபது அடிய வெச்சிக்கிட்டு நாங்க என்ன பண்ணப் போறோம் வாத்தியாரே? இப்ப இருக்கற குடிச பன்னண்டு அடி. நாப்பத்தஞ்சு தாராளமா போதும்."

நான் கணக்குப் போட்டேன். நான்கு வரிசையிலும் பதினைந்து பதினைந்து அடியாகக் குறைத்தால் அறுபது அடி மிஞ்சும். அதில் பதினைந்து அடி மாட்டு வழி. மீதி நாற்பத்தைந்தில் இன்னொரு வரிசை. நாற்பது மனை ஐம்பதாகிறது. தப்பாக இருக்குமோ என்று மறுபடியும் போட்டேன். சரியாகத்தான் வந்தது.

"கவுண்டருங்க, வழி வடக்கோரமா சுத்திப் போனா மாடு போவுங்களா?" என்று அவள் கேட்டாள்.

"மாடு போவும். ஊர்ல முப்பது பேரு என்ன சொல்லுவாங்கன்னுதான் தெரியல" என்றார் அவர். "அந்த எடத்துல மனையே கூடாதுன்னு சொல்லத்தான் என்னய அனுப்பி இருக்காங்க."

கண்டக்டர் கூப்பிட்டதும் கவுண்டர் எழுந்துபோய் முன் இருக்கையில் தனியாக உட்கார்ந்துகொண்டார்.

தாலுகா ஆபீஸ் வாசலை அடைந்தபோது பத்தே முக்கால். விசாரணை தொடங்கியிருந்தது. தாழ்வாரத்தில் மேஜை போட்டு அதிகாரி உட்கார்ந்திருந்தார். படிக்கட்டில் ஆபீஸ் சேவகரான டபேதார் பெயர்ப் பட்டியலோடு நின்றார். கவுண்டர் பெயர் அதில் இருந்தது. எங்கள் பெயர் இல்லை.

"பட்டா நம்பர்?" என்று கேட்டார் டபேதார்.

"இல்லீங்க."

"அப்ப தள்ளி நில்லுங்க. ஆட்சேபணக்காரங்களுக்கு மட்டுந்தான்."

படிக்கு ஐந்தடி தள்ளி நின்றோம். உள்ளே பேசுவது கேட்கும் தூரம்தான். பன்னிரண்டு இருபதுக்குக் கவுண்டரைக் கூப்பிட்டார்கள். மாட்டு வழியைப் பற்றிச் சொன்னார். அதிகாரி குமாஸ்தாவிடம், "வழி தடைப்படுகிறது. ஆகையால் மனைத் திட்டத்தைக் கைவிட வேண்டுமென்று கோருகிறார். எழுதிக்கொள்ளும்" என்றார்.

பேனா ஓடும் சத்தம் எனக்குக் கேட்டது. ஒன்பது வருஷம் ஒரு வரியில் முடிகிறது என்று தோன்றியது. கவுண்டர் மேஜைப் பக்கம் ஓரடி எடுத்து வைத்தார். "கைவிடணும்னு எழுதாதீங்க சாமி. வழி வேணும்னு எழுதுங்க" என்றார்.

"இரண்டும் ஒன்றுதானே?"

"ஒண்ணு இல்லீங்க."

அந்த நேரத்தில் நஞ்சம்மாள் படியில் கால் வைத்துவிட்டாள். "எனக்கும் ஆட்சேபண இருக்குதுங்க."

டபேதார் கையை நீட்டித் தடுத்தார். அதிகாரி அவளை நிமிர்ந்து பார்த்தார். "உனக்கு அங்கே என்ன நிலம்?"

"நெலம் இல்லீங்க. அதுதாங்க ஆட்சேபண. நாங்க அறுபத்தொரு குடும்பம், படத்துல நாப்பது மனைதான் இருக்குது. மாட்டு வழியும் இல்ல. ரெண்டும் சேர எடம் இருக்குதுங்க, வாத்தியார் நோட்டுல போட்டு வெச்சிருக்காரு."

ஒரு வார்த்தையையும் அவள் விழுங்கவில்லை. நோட்டைக் கொடுத்தேன். அதிகாரி தன் படத்தோடு வைத்துப் பார்த்தார். கவுண்டரிடம் பதினைந்து அடி போதுமா என்று கேட்டார். "எதிரெதிரா ரெண்டு ஜோடி வந்தா ஒதுங்கிக்கலாங்க. போதும்" என்றார் கவுண்டர். குமாஸ்தா முன்பு எழுதிய வரியை அடித்துவிட்டு வேறு எழுதினார். கவுண்டர் கையெழுத்துப் போட்டார். அதன் கீழே நஞ்சம்மாள் கைநாட்டு வைத்தாள். எல்லாம் பதினைந்து நிமிஷம்தான்.

மூன்று மணி பஸ்ஸில் திரும்பினோம். இரவு பெண்ணாகரத்தில் தங்கி, மறுநாள் பகலில் ஊர் சேர்ந்தோம். கவுண்டருக்கு ஊரில் நல்ல வரவேற்பு இல்லை. அனுப்பியவர்களில் பாதிப் பேர் வைகாசி வரை அவரோடு பேசவில்லை. களத்தில் அவர் முறைக்கு ஆள் வராமல், வீட்டாரை வைத்தே கேழ்வரகு அடித்தார். நானும் நஞ்சம்மாளும் ஒரு நாள் போய்க் கூட நின்றோம். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஆடியில் திருத்திய வரைபடம் வந்தது. மாட்டு வழி இருந்தது. கிணற்றுக்கும் சந்துக்கும் போக நாற்பத்தாறு மனை. அறுபத்தொரு குடும்பத்துக்கும் பெயர் எழுதிக் குடத்தில் போட்டுக் கிராம முன்சீப் சீட்டு எடுத்தார். எனக்கு நாற்பத்துமூன்றாம் எண், அந்த ஐந்தாவது வரிசையில். நஞ்சம்மாள் பெயர் வரவில்லை.

இதே காரியமாகப் போகிறவர்களுக்குச் சில வார்த்தை. முந்தின நாளே தருமபுரி போய்ச் சேர்ந்துவிடுங்கள். காலைப் பஸ்ஸை நம்பினால் எங்களைப் போல் பிந்துவீர்கள். படத்தைச் சுவரில் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள், அடிக்கணக்கோடு வரைந்துகொள்ளுங்கள். வேண்டும் என்று சொல்லப் போகிறவர்களுக்குப் பட்டியலில் இடம் இராது. ஆகவே அதையும் ஆட்சேபணை என்றே சொல்லுங்கள். கையில் கட்டுச்சோறு இருக்கட்டும். முடிந்தால் எதிர்க்கிறவரோடு சேர்ந்தே பயணம் போங்கள். சுவரில் ஒட்டிய படம் சொல்லாததை அவர்தான் சொல்வார்.

சரியாகத்தான் நடந்தது என்று என்னால் சொல்ல முடியவில்லை. யாரும் ஏமாற்றவில்லை, சீட்டு நேர்மையாகத்தான் எடுத்தார்கள். ஆனாலும் புதுச் சுவருக்கு மண் குழைக்கும்போது அவள் அந்த வழியாக வந்தால் என் கை நின்றுவிடுகிறது. மனையில் பாதியைத் தருகிறோம் என்று என் மனைவி சொல்லிப் பார்த்தாள். "பாதி வூட்டுல ரெண்டு குடும்பமும் சண்ட போட்டுக்கிட்டு இருக்கறதுக்கா?" என்று நஞ்சம்மாள் மறுத்துவிட்டாள்.

போன வாரம் ஒரு வெள்ளைத்தாளோடு வந்தாள். மிஞ்சிய பதினைந்து குடும்பத்துக்கும் சேர்த்து மனு எழுத வேண்டும், குட்டைக்குத் தெற்கே இன்னும் இடம் இருக்கிறது என்றாள். கூரை போடாத என் வீட்டுக்குள் உட்கார்ந்து எழுதினேன். மனுதாரர் பெயர் எழுதியாயிற்று. அடுத்து இருப்பிடம். இப்போது இருக்கும் குடிசையை ஆனி விதைப்புக்குள் பிரித்தாக வேண்டும், அதை எழுதிப் பயனில்லை. என்ன எழுதட்டும் என்று கேட்டேன்.

"படத்துல இல்லாத எடம்னு எழுதுங்க" என்றாள்.

அப்படியே எழுதினேன்.