முன் சீட்டில் பச்சைத் துண்டு

மாமா வாடகைக்கு ஆளேற்றி ஓட்டிய ஜீப்பில் முன் சீட்டின் மேல் எப்போதும் ஒரு பச்சைத் துண்டு விரித்திருக்கும். அது முடியாதவர்களுக்கான இடம். வழியில் நோயாளியோ பிள்ளைத்தாய்ச்சியோ கைகாட்டினால்தான் துண்டை எடுப்பார்கள். அத்தைகூடப் பின்னால் எங்களோடு நெருக்கியடித்துத்தான் வருவார். நோயாளி ஏறினால் ஏற்காடு ஆஸ்பத்திரிவரை துணைக்குப் போவார். பிள்ளையில்லாத அந்த இருவரையும் மஞ்சக்குட்டை ஊரே மாமா, அத்தை என்றுதான் கூப்பிட்டது. மிளகு மூட்டைகளோடு ஆட்கள் தொங்கிக்கொண்டு வரும் நாளிலும் அந்தச் சீட்டு காலியாகவே வரும். எனக்கு எரிச்சலாக இருக்கும். ஆனால் சின்ன வயதில் என் அண்ணனைப் பாம்பு கடித்தபோது, அத்தை அவனை மடியில் போட்டுக்கொண்டு போனது அந்தச் சீட்டில்தான். "தூங்கிப்புடாத கண்ணு, என்னையப் பாரு" என்று வழியெல்லாம் கன்னத்தைத் தட்டிக்கொண்டே போனாராம்.

கண் மங்கியதும் மாமா ஜீப்பை அண்ணனுக்கே விற்றார். "முன் சீட்ட மட்டும் பாத்துக்க கண்ணு" என்றார். "அது எனக்குத் தெரியாதுங்களா மாமா" என்றான் அண்ணன். நானும் நம்பித் தொலைத்தேன்.

போன மழைக்காலத்தில் ஒருநாள் காலை அத்தைக்கு மூச்சு வாங்கியது. மாமாவும் நானும் கைத்தாங்கலாக ரோட்டுக்குக் கூட்டி வந்தோம். ஜீப் நின்றது. துண்டை எடுக்கப் போனேன். "அங்க ஆள் ஏறோணும், பின்னால உக்காருங்க அத்தை" என்றான் அண்ணன். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டார். "நம்மளவிட முடியாதவங்களாட்ட இருக்குது. வா சாமி."

லாட்ஜ் வாசலில் ஜீப் நின்றது. அண்ணன் துண்டைச் சுருட்டிக் கண்ணாடியோரம் வைத்தான். தொப்பி போட்ட ஒருவர் முன்னால் ஏறினார். போனை வெளியே நீட்டி வளைவுகளைப் படம் பிடிக்கத் தொடங்கினார். அத்தை மூச்சு இரைக்க எட்டிப் பார்த்தார்.

"ஏனுங் கண்ணு, இவருக்கு என்ன ஒடம்புக்கு?"

"வயித்து வலியாமுங்க" என்றான் அண்ணன், திரும்பிப் பார்க்காமலே. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அத்தை தன் வெந்நீர் பிளாஸ்க்கை முன்னால் நீட்டினார். அந்த மனிதர் விழித்தபடி வாங்கி வைத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரி வாசலில் மாமா முன்பக்கம் போய்த் தடவிப் பார்த்துத் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். அண்ணன் ஏதோ சொல்ல வந்தான்.

"ஜீப்பத்தான் வித்தேன்" என்றார் மாமா. கண்ணு என்று அவர் சொல்லவில்லை.

அத்தை பிழைத்துக்கொண்டார். நான் அண்ணனோடு பேசுவதில்லை. அவன் ஜீப்பிலும் ஏறுவதில்லை. நேற்று பார்க்கப் போனபோது அந்தப் பச்சைத் துண்டை மடித்துத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தார் அத்தை. என்னைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்தார்.

"ஏஞ் சாமி, அந்தத் தொப்பிக்காரருக்கு வயித்து வலி நின்னுருச்சாமா?"

"நின்னுருச்சுங்க அத்தை" என்றேன்.