அக்கா மகள் நிரப்பாத விண்ணப்பம்

என் அக்கா மகள் மலேசியாவிலிருந்து வந்து இறங்கிய அன்றே நான் ஒரு தப்புச் செய்தேன். தெரிந்து செய்த தப்பு இல்லை. நம் பக்கத்தில் எந்தத் தாய்மாமனாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பான். பிள்ளைகளே, உங்களுக்கு இதை எழுதிவைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு. நான் எட்டாவதோடு நின்றவன், எழுத்து அவ்வளவு வராது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசி அது. படவேட்டில் நம் பழைய வீட்டில் நானும் என் அம்மாவும் மட்டும் இருந்தோம். நான் ஜவ்வாது மலைமேல் போய், மலைக்காரர்களிடம் புளி, பலா, தேன் வாங்கி, சந்தவாசல் கடைகளில் கொண்டுவந்து போடுவேன். அதற்கு இருபது வருஷம் முன்னால் அக்காவை மலேசியாவில் வேலை பார்த்த ஒருவருக்குக் கட்டிக் கொடுத்திருந்தோம். அவருக்குக் கித்தாத் தோட்டத்தில் லாரி ஓட்டும் வேலை. ரப்பரை அவர்கள் கித்தா என்றுதான் சொல்வார்கள். அக்கா கப்பலேறியபோது எனக்கு ஆறு வயது. அதன்பிறகு அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கடிதம்தான்.

அக்காவின் மூத்த மகள் கணக்கில் கெட்டிக்காரி. அங்கே அவளுக்குக் காலேஜில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு என்றும், கிடைக்காவிட்டால் ஏதாவது பாக்டரி வேலைக்கு அனுப்ப வேண்டியதுதான் என்றும் அக்கா எழுதியிருந்தாள். நம் டவுனில் பெண்கள் கல்லூரி இருக்கிறது, ஹாஸ்டலும் இருக்கிறது, அனுப்பிவை என்று பதில் எழுதியது நான்தான். கல்லூரிக்கு நேரில் போய், மலேசியா சர்டிபிகேட் செல்லுமா என்று கேட்டேன். செல்லும் என்று எழுத்திலேயே கொடுத்தார்கள். விண்ணப்பத்தையும் வாங்கிவந்து சாமி படத்துக்குப் பின்னால் வைத்தேன். அவள் வந்து அதை நிரப்பி, ஜூன் மாதக் கடைசிக்குள் கொடுக்க வேண்டும். பாக்கி அவ்வளவுதான்.

இப்போது தப்புக்கு வருகிறேன். ஒரு பெண் பெரியவளானால் தாய்மாமன் சீர் கொண்டுபோய், மாலை போட்டு, புடவை கொடுப்பது நம் வழக்கம். இவள் கடலுக்கு அந்தப் பக்கம் பெரியவளானாள். அந்தச் சீர் செய்யாமல் நின்றுபோனது எனக்கும் அம்மாவுக்கும் ஒரு குறையாகவே இருந்தது. அதனால் அவள் வந்து குளித்துச் சாப்பிட்ட கையோடு, தெருப் பெண்கள் நாலைந்து பேரைக் கூப்பிட்டு, அவளை மனையில் உட்காரவைத்தோம். தட்டில் அரக்குக் கலர் புடவை, மல்லிகை, மஞ்சள், குங்குமம், தேங்காய். மாலை போடச் சொன்னார்கள், போட்டேன். தட்டைக் கையில் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டாள். ஆனால் முகம் வெளுத்துவிட்டது.

"மாமனும் பொண்ணும் இன்னா பொருத்தம் பாருடி" என்றாள் எதிர்வீட்டுப் பெண்.

"மாலையப் போட்டுட்டு ஏன் கைய எடுத்துட்டான்? இன்னும் மூணு முடிச்சுதான் பாக்கி" என்றாள் இன்னொருத்தி.

முறை உள்ளவர்களைக் கேலி பேசாமல் நம் ஊரில் யார் விட்டிருக்கிறார்கள்? எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அக்கா மகளை மாமன் கட்டிக்கொள்வது நம்மிடம் உள்ள வழக்கம்தான். ஆனால் எனக்குச் சந்தவாசலில் உங்கள் அம்மாவைப் பார்த்து, வெற்றிலை பாக்கு மாற்றி, ஆவணியில் முகூர்த்தம் என்று முடிவாகி ஒரு மாதம் ஆகியிருந்தது. தெருவுக்கே தெரிந்த விஷயம். தெருவுக்கே தெரிந்ததால் அவளிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. அக்காவுக்கு நான் எழுதிய கடிதமும் இவள் கப்பலேறிய பிறகுதான் போய்ச் சேர்ந்திருக்கிறது.

மறுநாளிலிருந்து அவள் என்னிடம் சரியாகப் பேசவில்லை. நான் வீட்டுக்குள் வந்தால் அவள் தோட்டத்துப் பக்கம் போய்விடுவாள். கேட்டால் கேட்டதற்குப் பதில். விண்ணப்பம் சாமி படத்துக்குப் பின்னாலேயே இருந்தது.

"பாரத்த எழுதிட்டியா பாப்பா?"

"யோசிக்கிறேன் மாமா."

"இன்னா யோசனை?"

"யோசிக்கிறேன்."

ஒரு நாள் அவளாகவே கேட்டாள். "மூணு வருஷமும் நான் ஹாஸ்டல்லதானே இருப்பேன்? நடுவுல யாரும் நிறுத்த மாட்டாங்களே?"

அவளுக்கு ஊர் ஏக்கம், தைரியம் சொல்ல வேண்டும் என்று நினைத்து, "யாரு நிறுத்தப் போறாங்க? லீவு வுட்டா இங்க வந்துடு. இது உன் வூடு. காலம் பூரா இங்கியே இருக்கலாம்" என்றேன். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். அந்த ஒரு வார்த்தை அவளை எப்படிக் குத்தியிருக்கும் என்று இப்போது புரிகிறது. அப்போது புரியவில்லை.

நம் சின்ன டவுன் கல்லூரி அவளுக்குப் பிடிக்கவில்லையோ என்று சந்தேகம் வந்தது. கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினேன். வாட்ச்மேன் என்னைக் கேட்டிலேயே நிறுத்திவிட்டார். அவள் மட்டும் உள்ளே போனாள். ஒரு மணி நேரம் கழித்து வந்தபோது முகமே வேறாக இருந்தது. "லைப்ரரி பெருசு மாமா. கணக்கு டீச்சர்கிட்ட பேசினேன். ஒரு கணக்குக் குடுத்தாங்க, போட்டேன்" என்றாள். அப்பாடா என்று இருந்தது எனக்கு. பஸ் ஏறியதும் பழையபடி ஆகிவிட்டாள். அன்று ராத்திரி அம்மாவிடம், "ஊருக்கே போயிடறேன், அப்பாவுக்குக் கடிதம் எழுதப் போறேன்" என்றாளாம்.

கல்லூரி பிடித்திருக்கிறது, படிக்கவும் ஆசை இருக்கிறது, ஆனால் பாரத்தை எழுதமாட்டேன் என்கிறாள். அப்படியென்றால் எங்களைத்தான் பிடிக்கவில்லை என்று நான் முடிவு கட்டினேன். ஓட்டு வீடு, கிணற்றுத் தண்ணீர், வேகாத வெயில். எனக்கு அது ரொம்ப வலித்தது. நான் எழுதி வரவழைத்த பிள்ளை. அவள் படிக்காமல் திரும்பிப் போனால் அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்வது?

கடைசி நாளுக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. "மேல குளுகுளுன்னு இருக்கும், அவளையும் இட்டுகினு போ" என்று அம்மா சொன்னாள். லாரியில் முன்னால் உட்காரவைத்து மலைக்குக் கூட்டிப்போனேன். பலாப்பழ சீசன். எனக்கு வழக்கமாகப் பழம் போடுகிற ஒரு பெரியம்மா அங்கே உண்டு. சொந்தம் இல்லை, வயதுக்கு மரியாதையாக அப்படிக் கூப்பிடுவேன். சாமை விதைக்கக் கொல்லையை உழுதுகொண்டிருந்தவர், எங்களைப் பார்த்ததும் விட்டுவிட்டு வந்து, ஒரு பழத்தைப் பிளந்து அவள் கையில் சுளை கொடுத்தார். கொடுத்துவிட்டு, நம் தெருவில் கேலியாகப் பேசியதை நேராகவே கேட்டார்.

"இன்னா தம்பி, இதான் நீ கட்டிக்கப் போற பொண்ணா?"

அவள் கையில் இருந்த சுளை வாய்க்குப் போகவில்லை.

"இல்ல பெரிம்மா, இது எங்க அக்கா பொண்ணு. மலேசியாவுல இருந்து படிக்க வந்துகீது. எனக்குத்தான் சந்தவாசல்ல முடிச்சாச்சே, போன வாட்டி சொன்னனே. ஆவணியில கல்யாணம், நீ வரணும்."

"அட ஆமா, டைலர் வூட்டுப் பொண்ணு. மறந்தே பூட்டேன்."

"மாமா" என்றாள் அவள். "யாருக்குக் கல்யாணம்?"

"எனக்குத்தான்."

"யாரோட?"

"அதான் சொல்றனே, சந்தவாசல் டைலர் பொண்ணோட."

"அப்ப நான்?"

"நீ இன்னா? உங்கம்மாவால வர முடியாது. அவ எடத்துல நீதான் எனக்குப் பக்கத்துல விளக்குப் புடிச்சுகினு நிக்கணும்."

அவள் அப்படியே உழுத மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. பலாப் பிசின் ஒட்டிய கையால் முகத்தைத் துடைத்து, முகமெல்லாம் பிசின்.

"பின்ன எதுக்கு எனக்கு மாலை போட்டீங்க?"

சீர் விஷயத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "அதைச் சொல்லிட்டுப் போட்டிருக்கலாம் இல்ல?" என்றாள். நியாயம்தான்.

மீதியை அவள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அவள் பிறந்த சேதி வந்தபோது என் அம்மா, "என் மகனுக்குப் பெண் பிறந்துவிட்டாள்" என்று யாரையோ வைத்துக் கடிதம் எழுதியிருக்கிறாள். அக்கா அதை அங்கே வேடிக்கையாகச் சொல்லிச் சொல்லியே பிள்ளையை வளர்த்திருக்கிறாள். வந்த அன்றே மாலையும் புடவையும் பார்த்ததும், கல்லூரி என்பது சாக்கு, கல்யாணத்துக்குத்தான் வரவழைத்திருக்கிறார்கள் என்று இவள் நினைத்துவிட்டாள். பாரத்தில் கையெழுத்துப் போட்டால் இங்கேயே தங்கச் சம்மதித்த மாதிரி ஆகிவிடும் என்று பயம்.

பெரியம்மா என்னை விடவில்லை. "பொண்ணாண்ட ஒரு வார்த்த சொல்லாம மாலை போட்டியா? நல்ல மாமன்தான் போ. உன்ன அந்தப் பலா மரத்துல ஏத்திவுட்டு ஏணிய எடுத்துடணும்" என்று சொல்லி, அவள் முகத்தில் நல்லெண்ணெய் தடவிப் பிசினைத் துடைத்துவிட்டார்.

எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அதைவிட நிம்மதி பெரிதாக இருந்தது. அவளுக்கு நம் வீடு பிடிக்காமல் இல்லை. இறங்கும்போது லாரியில் அவள் வாய் மூடவில்லை.

"மாமி உயரமா, குட்டையா? என்ன படிச்சிருக்காங்க? கோவம் வருமா?"

"எனக்கு இன்னா தெரியும்? ஒரு வாட்டிதான் பாத்தேன். அதுவும் பயத்துல காபி டம்ளரத்தான் பாத்தேன்."

"டம்ளர் எப்படி இருந்தது?"

"எவர்சில்வர்."

டிரைவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அன்று சாயங்காலமே விண்ணப்பத்தை எடுத்து, ஒரு அடித்தல் இல்லாமல் நிரப்பினாள். பாதுகாவலர் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். உறவு: தாய்மாமன்.

மறுநாள் கல்லூரியில் பாரத்தை வாங்கிப் பார்த்த ஹாஸ்டல் அம்மா, கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"கல்யாணம் ஆயிடுச்சாங்க?"

"ஆவணியில ஆவுதுங்க."

அவர் பார்வை அக்கா மகளிடம் போனது.

"ஐயோ, இது இல்லைங்கம்மா. பொண்ணு வேற."

"எல்லா மாமனும் இங்க நின்னு இப்படித்தான் சொல்றாங்க. ஆறு மாசத்துல வந்து, வூட்டுல விசேஷம்னு லீவு கேட்டு இட்டுட்டுப் போறாங்க. அப்புறம் பொண்ணு தாலியோட வந்து பொட்டியத் தூக்கிட்டுப் போவுது. கல்யாணம் ஆகாத தாய்மாமன கார்டியனா நான் எடுக்கறதில்ல. குடும்பஸ்தரா, கையெழுத்துப் போடத் தெரிஞ்சவரா ஒருத்தரக் கூட்டிட்டு வாங்க. நாளன்னிக்குக் கடைசி நாள்."

எனக்குக் கோபம் வரவில்லை. இவள் பதினைந்து நாளாகப் பயந்ததையே அந்த அம்மாவும் பயப்படுகிறார். ஆனால் ஆளுக்கு எங்கே போவது? அப்பா இல்லை. அம்மா கைநாட்டு. சித்தப்பாவோடு பேச்சுவார்த்தை கிடையாது. பஸ்ஸில் வரும்போது அவள் பாரத்தை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சந்தவாசல் வந்தபோது, "இங்கதானே மாமி வீடு?" என்றாள்.

நான் தயங்கினேன். முகூர்த்தத்துக்கு முன்னால் மாப்பிள்ளை பெண் வீட்டு வாசல் மிதிக்கக் கூடாது. "நீங்க மிதிக்க வேணாம், நான் போறேன்" என்று அவள் இறங்கிவிட்டாள். நான் எதிரில் டீக்கடையில் நின்றேன். டீ ஆறிப்போனது. கால் மணி கழித்து உங்கள் தாத்தா கழுத்தில் இஞ்ச் டேப்போடு வெளியே வந்தார்.

"இன்னா மாப்ள, இதுக்கா தெருவுல நிக்கிறீங்க? காலையில மொத பஸ்ஸுக்கு வர்றேன்" என்றார். அவருக்குப் பின்னால் கதவோரம் உங்கள் அம்மா. அன்றுதான் முகத்தைச் சரியாகப் பார்த்தேன்.

மறுநாள் மூன்று பேரும் ஹாஸ்டல் அம்மா முன்னால் நின்றோம். அவர் பேனாவைத் திறந்தார்.

"நீங்க பொண்ணுக்கு என்ன வேணும்?"

"மாமனுக்கு மாமனாருங்க."

"எத்தன வருஷமா?"

"இன்னும் ஆவலைங்க. ஆவணியில ஆவேன்."

அவர் பேனாவை மூடினார். என்னைப் பார்த்தார், இவளைப் பார்த்தார், மறுபடி உங்கள் தாத்தாவைப் பார்த்தார்.

"உங்க பொண்ணத்தான் இவரு கட்டப் போறாரா?"

"ஆமாங்க. ஜாக்கெட்டெல்லாம் தைச்சு முடிச்சிட்டேன்."

"அப்ப இவரு வேற யாரையாவது கட்டணும்னா நீங்க வுடமாட்டீங்க."

"வுடுவனாங்க?" என்றார் உங்கள் தாத்தா, ரொம்ப நிதானமாக.

அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இவருக்குக் காவல் உங்களவிட நல்ல ஆள் எனக்குக் கிடைக்காது. போடுங்க கையெழுத்த" என்று பாரத்தைத் திருப்பி வைத்தார். தாத்தா துணியில் கோடு போடுவது போலவே, அவசரப்படாமல் எழுதினார். முத்திரை விழுந்தது. ரசீதைக் கிழித்து அவள் கையில் கொடுத்தார்கள். அவள் வராண்டாவில் நின்று அதை இரண்டு முறை படித்துவிட்டு, மடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் கூட்டம் இல்லை. சந்தவாசலில் உங்கள் தாத்தா இறங்கினார். அவள் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். கண்டக்டர் விசில் ஊதியும் முழிக்கவில்லை. நான் படவேடு வரும்வரை அவளை எழுப்பவில்லை.