திருப்பி வைத்த அடைகல்

கொல்லன் மலாக்கி துவோஹி யாரையும் சபித்ததில்லை. இருந்தும் மேற்கு கிளேரில், பங்குச் சாமியாருக்கு அடுத்தபடியாக ஊர் பயந்தது அவனுக்குத்தான். கொல்லன் இரும்பை வைத்து அடிக்கும் தன் அடைகல்லைத் திருப்பி வைத்து ஒருவன் பெயரைச் சொன்னால் அந்தக் குடும்பம் விளங்காது என்பது அங்கே குழந்தைக்கும் தெரியும். எந்த வீட்டில் பன்றி அடித்தாலும் தலை அவனுக்கு வந்துவிடும். கூட உட்கார்ந்து சாப்பிடத்தான் ஆள் வராது.

ஐம்பது வயதில் அவன் தனிக்கட்டை. இருபது வருஷத்துக்கு முன் அனோராவை அவனுக்குப் பேசி முடித்திருந்தார்கள். பெண் வீட்டார் திடீரென்று நிறுத்திவிட்டார்கள், காரணம் சொல்லவில்லை. அடுத்த தவக்காலத்துக்குள் அவள் அவனுடைய உயிர்த்தோழன் கோல்மனுக்கு மனைவியானாள். அந்தக் காரணம் மட்டும் தெரிந்தால் நிம்மதியாகச் சாவேன் என்று மலாக்கி தன் கழுதையிடம் சொல்வதுண்டு.

மார்ச் மாதத்தில் ஒரு காலை. அடைகல்லின் ஒரு விளிம்பு தேய்ந்து லாடமெல்லாம் கோணலாக வந்ததால், அதை மறுபக்கமாகத் திருப்பி வைத்தான். வாசலில் தபால்காரர் நின்றிருந்தார். தபாலைவிடச் செய்தி வேகமாகப் போயிற்று. பெயர் எதுவும் காதில் விழாததால் ஊரில் ஒவ்வொருவரும் சாபம் தனக்குத்தான் என்று முடிவு செய்துகொண்டார்கள்.

மத்தியானத்துக்குள் பட்டறையில் கூட்டம். கடைக்காரி கியோ அம்மாள் வெண்ணெயோடு வந்து, தராசைக் கட்டைவிரலால் அழுத்தியதை ஒப்புக்கொண்டாள். பக்கத்து நிலத்துக்காரர் தான் நகர்த்திய வேலிக்காக அழுதார். மலாக்கி எல்லோரிடமும் விளிம்பு தேய்ந்ததைச் சொன்னான். ஒருவரும் நம்பவில்லை.

கடைசியாகக் கோல்மன் வந்தான். அவன் பசு காலையிலிருந்து எழுந்திருக்கவில்லையாம்.

"பழையபடி வச்சிடுடா மலாக்கி. எப்படியோ உனக்குத் தெரிஞ்சுபோச்சு."

மலாக்கி இந்தத் தடவை விளிம்பைப் பற்றிப் பேசவில்லை. "உன் வாயால சொல்லு" என்றான்.

"நீ ரத்தமா துப்புறேன்னு அனோராவோட அப்பாகிட்ட நான்தான் சொன்னேன். விளையாட்டாத்தான் ஆரம்பிச்சேன்."

"அவளுக்குத் தெரியுமா?"

"கல்யாணமான மறுவருஷமே சொல்லிட்டேன்." கோல்மன் தொப்பியைக் கசக்கினான். "சிரிச்சா."

துரோகத்துக்குக் கொல்லர்களிடம் சாபம் உண்டு. சிரிப்புக்கு எதுவும் இல்லை. மலாக்கி அடைகல்லைத் தூக்கிப் பழையபடியே வைத்தான்.

சாயங்காலம் பசு எழுந்து நின்றது. மலாக்கியின் சக்தி ஐயமற நிரூபணமாயிற்று. அதற்குப் பிறகு அவன் அடித்த லாடமெல்லாம் கோணல். குதிரைகள் நொண்டின, யாரும் குறை சொல்லவில்லை.

கழுதையிடம் அவன் இப்போது எதுவும் சொல்வதில்லை.